கடைசி வீடும் கால் லீற்றரும்

"மூண்டு மாசமா ஒருத்தரும் இஞ்சால் பக்கம் வரேல்லையே பிள்ளை."

அந்த அம்மா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. முற்றத்தில் பாயை விரித்து, எனக்குத் தேநீர் வைக்க எழும்பியபடியே சொன்னார். ஆனால் எனக்கு அந்தத் தேநீர் இறங்கவில்லை.

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் உடையார்கட்டுப் பக்கம் தார் வீதியை விட்டு இறங்கி, கிறவல் வீதியால் உள்ளே போனால் ஒரு குளக்கட்டு வரும். அதற்கும் அப்பால் ஏழு வீடுகள். அவற்றில் கடைசி வீடு இந்த அம்மாவுடையது. போரில் கணவரையும் மகனையும் இழந்து தனியே இருக்கிறார். இரண்டு கண்ணிலும் வெண்புரை. குரலை வைத்துத்தான் ஆளை அறிவார். அன்று அவர் உள்ளே போய்த் தடவித் தடவி ஒரு கடிதத்தை எடுத்து வந்தார். "இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு பிள்ளை. வந்து கனநாள்" என்றார்.

கண் கிளினிக்குக்கு வரச்சொல்லி வந்த கடிதம் அது. குறிப்பிட்ட திகதி போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அந்தப் பகுதி வீடுகளுக்குப் போய்வர எங்கள் நிறுவனத்தின் தொண்டராக ஒரு தங்கை இருந்தாள். பதிவேட்டில் அவள் ஒழுங்காக எழுதியிருந்தாள். கடைசி ஏழு வீடுகளுக்கு நேரே மட்டும், 'தொலைபேசியில் சுகம் விசாரித்தேன்' என்று இருந்தது. நானும் மாதா மாதம் அதைப் பார்த்துக் கையெழுத்து வைத்திருந்தேன். தொலைபேசியில் சுகம் விசாரிக்கலாம். கண் தெரியாத ஒருவரின் கடிதத்தை வாசிக்க முடியாது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அன்று பின்னேரம் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"அக்கா, பெற்றோல் காணாது. பத்து நாளோட முடிஞ்சிடும். பிறகு என்ர காசிலதான் அடிச்சனான். தைக்குப் பிறகு அதுவும் ஏலாமப் போச்சு."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"மற்ற நாலு பேருக்கும் காணும்தானே அக்கா. எனக்கு மட்டும் காணாதெண்டால் களவெண்டு நினைப்பியளோ எண்டு..."

சகோதரிகளே, அந்தப் பெற்றோல் கணக்கைப் போட்டவள் நான். பிழை எங்கே இருந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்கூட்டி, மோட்டார் சைக்கிள், ஓட்டோ என்று ஏதோ ஒரு வண்டியை வைத்துப் பிழைக்கும் பெண்கள் இன்று வன்னியில் பலர். வண்டி இல்லாவிட்டாலும் வாடகைக்குப் பிடித்துச் சந்தைக்குச் சாமான் கொண்டுபோகிறோம். ஆகவே இது எல்லோருக்கும் உதவும்.

நான் போட்ட கணக்கு இதுதான். ஐந்து தொண்டர்கள், ஐந்து ஸ்கூட்டிகள். ஒவ்வொருவரும் மாதத்தில் 15 நாள், நாளுக்கு 30 கிலோமீற்றர். ஆக 450 கிலோமீற்றர். என் ஸ்கூட்டியில் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவு வரை போய்வந்து அளந்தபோது லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடியது. உள்வீதிகளும் இருக்கும் என்று கொஞ்சம் குறைத்து, சராசரி 45 என்று எடுத்தேன். 450ஐ 45ஆல் பிரித்தால் 10. எல்லோருக்கும் மாதம் 10 லீற்றர். எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதுதான் நீதி என்று மனத் திருப்தியும் அடைந்தேன்.

எரிபொருளை அளந்து பாவிப்பது வன்னிச் சனத்துக்குப் புதிதல்ல. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் வந்த பொருளாதாரத் தடை 2002 வரை நீடித்தது. நான் பிறந்து வளர்ந்தது அந்தக் காலத்தில். அப்பாவின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. இயந்திரத்தைத் தொடக்குவதற்கு மட்டும் ஒரு சின்னக் குப்பியில் பெற்றோல் வைத்திருப்பார். அந்தக் குப்பியைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. அம்மா ஜாம் போத்தல் விளக்குக்கு அளந்துதான் மண்ணெண்ணெய் விடுவார். எங்கள் படிப்பு அந்த அளவோடு முடியும். அளவு பிழைத்தால் இரவு பிழைக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

பிறகு 2022 வந்தது. அந்த வருடம் யூன் 26ஆம் திகதி ஒரு லீற்றர் 92 ஒக்ரேன் பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறியது. காசு இருந்தாலும் பெற்றோல் இல்லை. யூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர் என்று பங்கீடு. அப்போது நாங்கள் ஒவ்வொரு பயணத்தையும் எண்ணித்தான் வெளிக்கிட்டோம். 2023 செப்ரெம்பர் முதலாம் திகதி அந்தப் பங்கீடு நீக்கப்பட்டது. வரிசை போனது. வரிசையோடு எண்ணும் பழக்கமும் போய்விட்டது. அதன் பிறகு தொடங்கிய வேலைத்திட்டத்துக்குத்தான் நான் கதிரையில் இருந்துகொண்டு இந்தக் கணக்கைப் போட்டேன்.

அடுத்த கிழமை அந்தத் தங்கையோடு சேர்ந்து அளக்கத் தொடங்கினேன். இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். ஒரு கொப்பியும் பேனையும் போதும். பெற்றோல் முள்ளை நம்பக்கூடாது. முள் ஆடும், வண்டி சாய்ந்து நின்றால் ஒரு கதை சொல்லும், நிமிர்ந்து நின்றால் இன்னொரு கதை சொல்லும். வண்டியை நேராக நிறுத்தித் தாங்கியை நிரப்புங்கள். வாய்வரை தளும்ப விடாமல் ஓர் அடையாளத்தோடு நிறுத்துங்கள். அந்த நேரம் மீற்றரில் உள்ள இலக்கத்தை எழுதுங்கள். ஓடி முடிந்தபின், முடிந்தால் அதே நிலையத்திலேயே, அதே அடையாளம் வரை திரும்ப நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பிய லீற்றர்தான் நீங்கள் செலவழித்தது. ஓடிய கிலோமீற்றரை அந்த லீற்றரால் பிரியுங்கள். ஒரு தடவை அளந்து முடிவு கட்டாமல் மூன்று நான்கு தடவை பாருங்கள். மீற்றர் வேலை செய்யாத வண்டி என்றால் பிரதான வீதியோரக் கிலோமீற்றர் கற்களை எண்ணலாம். போத்தலில் பெற்றோல் வாங்கிவந்து வீட்டில் வைத்து அளக்க வேண்டாம். அடுப்பும் விளக்கும் உள்ள இடத்தில் அது ஆபத்து.

நாங்கள் ஒன்று கூடுதலாகச் செய்தோம். ஒரு கிழமை தார் வீதியில் மட்டும் ஓடி அளந்தோம். மற்றக் கிழமை கிறவல் வீதியிலும் ஒழுங்கைகளிலும் மட்டும் ஓடி அளந்தோம். தார் வீதியில் லீற்றருக்கு 50. உள்ளே வெறும் 25. ஒரே வண்டி, ஒரே ஆள், ஒரே பெற்றோல். ஆனால் பாதிக்குப் பாதி வித்தியாசம்.

காரணம் விளங்காததல்ல. தார் வீதியில் 40, 50 வேகத்தில் சீராக ஓடும்போது, எடுத்த வேகத்தைக் காப்பாற்றினால் போதும். உள்வீதியில் ஒவ்வொரு குழியிலும் பிறேக் பிடிக்கிறோம். அப்போது பெற்றோல் எரித்துச் சம்பாதித்த வேகம் பிறேக்கில் சூடாகிப் போய்விடுகிறது. பிறகு திரும்ப வேகம் எடுக்க வேண்டும். தளர்ந்த கிறவலும் மாரிச் சேறும் ரயரைப் பிடித்து இழுக்கும். வீட்டுக்கு வீடு நிறுத்தி எடுப்பதும், படலையில் நின்று கதைக்கும்போது இயந்திரத்தை ஓடவிடுவதும் சேர்ந்துகொள்ளும். கிறவல் புழுதி காற்றுவடியை அடைத்தால் அதற்கும் எண்ணெய் கூடப் போகும். தார் வீதியிலும் கவனம் வேண்டும். ஏ9 வீதி நன்றாக இருக்கிறது என்று 70இல் பறந்தால் காற்றைக் கிழிக்கவே பெற்றோல் போய்விடும். சோளகம் வீசும் மாதங்களில் பரந்தனில் இருந்து தெற்கே வவுனியா நோக்கி ஓடுபவர்களுக்கு, போகும்போது கூடவும் வரும்போது குறையவும் செலவாவது இதனால்தான்.

இப்போது கலந்த பயணத்தின் கணக்குக்கு வருவோம். அந்தத் தங்கையின் ஒரு நாள் ஓட்டம் 30 கிலோமீற்றர். அதில் தார் 10, உள்வீதி 20. 50ஐயும் 25ஐயும் கூட்டி இரண்டால் பிரித்தால் 37.5 வரும். பலரும் இப்படித்தான் செய்கிறோம். இது பிழை.

கடைக்குப் போகும்போது நாங்கள் அரிசி விலையையும் பருப்பு விலையையும் கூட்டி இரண்டால் பிரித்துக்கொண்டு போவதில்லை. அரிசி எத்தனை கிலோ, அதற்கு எவ்வளவு. பருப்பு எத்தனை கிலோ, அதற்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்த்து, கடைசியில் காசைத்தான் கூட்டுகிறோம். வீதிக்கும் அதே கணக்குத்தான். ஒவ்வொரு வீதிக்கும் செலவான லீற்றரைத் தனித்தனியே கண்டுபிடித்து, லீற்றரைக் கூட்ட வேண்டும்.

தார் 10 கிலோமீற்றர்: 10ஐ 50ஆல் பிரிக்க 0.2 லீற்றர்.
உள்வீதி 20 கிலோமீற்றர்: 20ஐ 25ஆல் பிரிக்க 0.8 லீற்றர்.
மொத்தம் 30 கிலோமீற்றருக்கு 1 லீற்றர்.

அதாவது அவளுடைய உண்மையான கணக்கு லீற்றருக்கு 30 கிலோமீற்றர். நான் எழுதிய 45உம் அல்ல, 37.5உம் அல்ல. 15 நாளைக்கு 15 லீற்றர் வேண்டும். நான் கொடுத்ததோ 10. பத்து நாளோடு முடிந்துவிடும் என்று அவள் சொன்னது அச்சொட்டாகச் சரி.

குளக்கட்டுக்கு அப்பால் கடைசி வீடு வரை போய்வர 6 கிலோமீற்றர். உள்வீதிக் கணக்கில் அது 0.24 லீற்றர்; கால் லீற்றர் என்று வையுங்கள். நாளுக்குக் கால் லீற்றரை மிச்சம் பிடித்தால் 15 நாளில் மூன்றே முக்கால் லீற்றர் மிஞ்சும். பற்றாத ஐந்து லீற்றரில் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும். மிச்சத்தை அவள் தன் கையால் போட்டிருக்கிறாள். இப்படித்தான் அந்த ஏழு வீடுகளும் வரைபடத்தில் இருந்து மறைந்தன. ஒருவரும் வேண்டுமென்று கைவிடவில்லை. என் சராசரி கைவிட்டது.

மற்ற நால்வரின் பாதைகளையும் அளந்தோம். இருவர் முழுக்கத் தார் வீதியில் ஓடுபவர்கள். அவர்களுக்கு 9 லீற்றர் போதும். இருவருக்கு 350 கிலோமீற்றர் தார், 100 கிலோமீற்றர் உள்வீதி; 7உம் 4உம் 11 லீற்றர். இந்தத் தங்கைக்கு 15. ஐவருக்கும் கூட்டினால் 55. நான் ஒதுக்கியது 50. மொத்தத்தில் பார்த்தால் என் பிழை ஐந்து லீற்றர்தான். கணக்காய்வாளர் கூட இதைப் பெரிதாக எடுக்கமாட்டார். ஆனால் அந்தப் பிழை எல்லோர் மீதும் சமமாக விழவில்லை. இருவருக்கு ஒரு லீற்றர் மிஞ்சியது, இருவருக்கு ஒரு லீற்றர் குறைந்தது, ஒருத்திக்கு மட்டும் ஐந்து லீற்றர் குறைந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், ஆற்றின் சராசரி ஆழம் இடுப்பளவு என்று நம்பி இறங்கி மூழ்கியவனின் கதையைச் சொல்லி, சராசரி எதை மறைக்கிறது என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். பரீட்சையில் அதை அழகாக எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். வேலைக்கு வந்தபின் அதே பிழையை நானே செய்தேன்.

என் சித்தியின் மகன் கனடாவில் இருக்கிறார். தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னபோது, அங்கே புதுக் காருக்கு வழங்கும் எரிபொருள் விபரத்தில் நகரம், நெடுஞ்சாலை, இரண்டும் சேர்ந்தது என்று மூன்று எண்கள் இருக்கும் என்றார். அங்கே லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று சொல்வதில்லை. 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்றுதான் சொல்வார்கள். அது நல்ல முறை. அப்படிச் சொன்னால் லீற்றரை நேரே கூட்டலாம், மேலே சொன்ன பிழை வராது. சேர்ந்த எண்ணுக்கு நகர ஓட்டம் 55 வீதம், நெடுஞ்சாலை 45 வீதம் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்த நாட்டு ஓட்டத்துக்கு அது பொருந்தலாம். எங்கள் வன்னியில் கிறவல் எத்தனை வீதம், குளக்கட்டு எத்தனை வீதம் என்பதை எந்தச் சீட்டும் சொல்லாது. அந்த வீதியால் போய்வருபவள்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கை எங்கள் பெண்கள் குழுக் கூட்டத்தில் சொன்னபோது, கிளிநொச்சியில் ஓட்டோ ஓடும் ஓர் அக்கா கொப்பியை வாங்கித் தன் கணக்கைப் போட்டுப் பார்த்தார். அக்கராயன் பக்கம் உள்ளே ஒரு கிராமத்துக்கு 18 கிலோமீற்றர் வாடகை ஓடுவார். லீற்றருக்கு 25 ஓடும், ஆகவே முக்கால் லீற்றருக்குள் முடியும் என்பது அவர் எண்ணம். ஆனால் ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வர வேண்டுமே. போக வர 36 கிலோமீற்றர். அதில் தார் 26. அளந்து பார்த்தால் அங்கே லீற்றருக்கு 26 ஓடியது, ஆக 1 லீற்றர். கிறவல் 10, அங்கே 20 ஓடியது, ஆக அரை லீற்றர். மொத்தம் ஒன்றரை லீற்றர். நினைத்ததைப் போல் இரு மடங்கு.

"அப்ப நான் இவ்வளவு நாளும் என்ர லீசிங் காசை றோட்டிலயே கொட்டிக்கொண்டு வந்திருக்கிறன்" என்றார் அந்த அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அடுத்த நாளே உள்வீதி வாடகையைத் திரும்பும் ஓட்டத்தோடு சேர்த்துப் பேசத் தொடங்கிவிட்டார். ஒன்றிரண்டு வாடகை தவறியது. கொப்பியைக் காட்டி விளங்கப்படுத்தியபோது பலர் ஒத்துக்கொண்டார்கள்.

எங்கள் நிறுவனத்தில் வழிச்செலவு முறையை மாற்றுவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. "எல்லோருக்கும் ஒரே அளவு என்றால்தான் பிரச்சினை வராது" என்றார்கள். 10இல் இருந்து 9க்குக் குறைந்த தங்கைகளில் ஒருத்தி என்னோடு சில நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவளை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் குளக்கட்டு வரை போய்வந்தேன். நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து இறங்கியபோது, "சரி அக்கா" என்றாள். இப்போது ஒவ்வொருவரும் தன் பாதையைத் தானே அளந்து, தார் எவ்வளவு, உள்வீதி எவ்வளவு என்று எழுதித் தருகிறார்கள். மாரி காலத்தில் திரும்ப அளக்கிறோம்.

நீங்களும் வண்டிக்கென்று ஒரு கொப்பி வையுங்கள். திகதி, மீற்றர் இலக்கம், நிரப்பிய லீற்றர், போன வீதி என்ற நான்கு நிரல்கள் போதும். ரூபாவை மட்டும் எழுதிவிட்டு விடாதீர்கள். விலை ஏறி இறங்கும். லீற்றர்க் கணக்குத்தான் உங்கள் வண்டியைப் பற்றி உண்மை சொல்லும். அன்றைய விலையால் பெருக்கினால் காசு வந்துவிடும். வழக்கத்தைவிடத் திடீரென்று லீற்றர் கூடினால் ரயர்க் காற்று, காற்றுவடி, பிறேக் இறுக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். வாடகை ஓடுபவர்கள் ரயர், ஒயில், லீசிங் ஆகியவற்றுக்கு வேறாக ஒரு பக்கம் வையுங்கள். பெற்றோல் காசு கையில் மிஞ்சுவது இலாபம் ஆகாது.

எங்கேனும் உங்களுக்கு ஒதுக்கிய காசு காணாமல் போனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கொப்பியைக் காட்டிக் கேளுங்கள். அந்தத் தங்கையிடம் அன்று ஒரு கொப்பி இருந்திருந்தால், தன்னைக் களவென்று நினைப்பார்களோ என்று பயந்திருக்கத் தேவையில்லை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். தன் கையால் போட்ட காசையும் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம்.

கடைசி வீட்டு அம்மாவுக்குக் கிளினிக்கில் புதுத் திகதி எடுக்க இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. சத்திரசிகிச்சை முடிந்தபின் ஒரு நாள் போயிருந்தேன். படலையில் ஸ்கூட்டியை நிறுத்தி, நான் வாய் திறக்கும் முன்னரே அவர் திண்ணையில் இருந்து எழும்பினார்.

"நீதானே பிள்ளை அது? இப்பிடிக் கறுத்துப்போனாய். நான் நல்ல வெள்ளைப் பிள்ளையெண்டெல்லோ நினைச்சிருந்தனான்" என்று சிரித்தார்.

இருவரும் தேநீர் குடித்தோம். திரும்பும்போது மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன்: குளக்கட்டுக்கு அப்பால், 6 கிலோமீற்றர், கால் லீற்றர்.